வகை அண்ணனும் ஐந்தாம் கட்டமும்

உலகத்தில் உள்ள சகலத்தையும் நான்கே வகைக்குள் அடக்கிவிட்ட ஒரே மனிதர் கிள்ளானில்தான் இருந்தார். மனிதர்களும் அதில் சேர்த்தி. ஒரு மாடு மட்டும்தான் அடங்க மாட்டேன் என்றது.

தொண்ணூறுகளில் அங்கே ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நாங்கள் விற்ற சரக்கு டேக். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் வில்லை. கம்பத்தில் மாட்டிய கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும். ஆர்.எஃப்.ஐ.டி. என்று பெயர். அதை எதற்கு வாங்குவது என்று வாங்க வந்தவர்களுக்கும் தெரியாது, விற்ற எங்களுக்கும் தெரியாது. எதெதற்கெல்லாம் பயன்படும் என்று வகை பிரித்து விற்றுக் கொடுக்கத்தான் பந்திங்கிலிருந்து ஒருவரை வேலைக்கு எடுத்தார் முதலாளி. வந்தவர் வகை பிரித்தார். விற்கத்தான் இல்லை.

சுவரில் வெள்ளைப் பலகை, அதில் நான்கு கட்டம். ஒன்று, கதவு திறப்பது. இரண்டு, எங்கே இருக்கிறது என்று காட்டுவது. மூன்று, யாருடையது என்று சொல்வது. நான்கு, திருட்டுப் போனால் கத்துவது. ஒரு டேக் ஒரு வகையில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அவருடைய சொந்தப் பெயர் சம்பள நாளில் எனக்கு மட்டும் தேவைப்படும். மற்ற நாளில் எல்லாருக்கும் அவர் வகை அண்ணன்.

பழக்கம் முற்றிப்போய் ஆட்களையும் பிரிக்க ஆரம்பித்தார். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா ஒன்று. டெலிபோன் எடுக்கும் பெண் இரண்டு. ரொட்டிக் கடைக்காரர் நான்கு. அவருடைய கிளாஸை யாராவது வெளியே எடுத்துக்கொண்டு போனால் ரோடு முழுக்கக் கேட்கும். வீட்டில் அண்ணி எந்த வகை என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். “பகல்ல ரெண்டு, ராத்திரி நாலு” என்றார், சிரிக்காமல். என்னை மட்டும் ஏற இறங்கப் பார்ப்பார், “இருலா, யோசிக்கணும்” என்று போய்விடுவார். டெலிபோன் பெண்ணுக்கே வகை கிடைத்துவிட்டதே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பின்வீதிப் பால்காரர் மணியத்தின் மாடு ஊர் சுற்றும் ஜாதி. நகராட்சி லோரி அதை ஏற்றிக்கொண்டு போகும் போதெல்லாம், இது உன் மாடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு அவரை அலைய விடுவார்கள். அண்ணன் மனமிரங்கினார். மாட்டுப் பொங்கலன்று, டிராயரில் கிடந்த டேக் ஒன்றை எடுத்துப்போய் மாலையோடு மாலையாக அதன் கழுத்து மணியில் கட்டிவிட்டார். மூன்றாம் வகை. அது முதலாளி காருக்கு வாங்கிய உபரி டேக் என்று அவருக்கு யார் சொல்வது?

மறுநாள் துறைமுகப் பக்கத்து கிடங்குக்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடமாட்டார். “இந்த ஓர்டர் போனால் நீரும் போகலாம்” என்றார் அமைதியாக. அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூன்று. அவரோ பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிடங்குக்காரர் வந்தார். மாடி ஜன்னலோரம் உட்கார வைத்து, அண்ணன் முதல் வகையை விளக்க ஆரம்பித்து, விளக்கிக்கொண்டே இருந்தார். வந்தவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். அப்போது கீழே கார் நிறுத்தும் வாசலில் ‘பீப்’ என்றது. தடுப்புக்கட்டை மரியாதையாக மேலே போனது. அந்தச் சத்தம் கேட்டால் முதலாளி கார்தான் என்று பழகிப்போன ஜாகா, அரைத்தூக்கத்தில் எழுந்து சல்யூட் அடித்தார். நெற்றியில் குங்குமத்தோடு மாடு உள்ளே வந்து, முதலாளி காருக்குப் பக்கத்து நிழலில் நின்று அசைபோட்டது.

முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிடங்குக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “மாட்டையே விடுது, என் லோரிய விடாதா? எல்லா லோரிக்கும் போடுங்க boss.”

அண்ணன் பேயறைந்தது போல உட்கார்ந்துவிட்டார். “மூணாம் வகை எப்படி ஒண்ணாம் வகை வேல செய்யும்? இத சரி பண்ணாம விக்க முடியாதுலா.”

முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கிடங்குக்காரருக்குச் சிரிப்பு நின்றது. விற்கத் தெரியாதவர்களிடம் என்ன பேச்சு என்று மலாயில் முணுமுணுத்தபடி, கார் சாவியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். மூன்று பிள்ளைகளும் என் கண்ணில் வந்து போனார்கள்.

“அண்ணே, அஞ்சாவதா ஒரு கட்டம் போட்டுக்குங்களேன்” என்றேன்.

பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய் ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்து, உள்ளே ‘மாடு’ என்று எழுதினார். பிறகு முகம் தெளிந்து, கிடங்குக்காரர் பக்கம் திரும்பினார். “வாங்க boss, இப்ப விக்கலாம்.” வந்தவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார். அண்ணன் வேலை தப்பியது.

சில வருஷம் கழித்து எனக்கு பங்சாரில் வேறு வேலை கிடைத்தது. கடைசி நாள் அவரிடம் போய், எல்லாரையும் போட்டீர்களே, நான் எந்த வகை என்று கேட்டேன்.

“நீயா? அன்னைக்கே போட்டாச்சே. அஞ்சு.”

“மாட்டோடவா?”

“என்னா பிரயோஜனம்னு சொல்லத் தெரியலலா. ஆனா நீ இல்லாட்டி முடியாது.” சொல்லிவிட்டுப் பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியில் கார் போனாலே தடுப்புக்கட்டை தானாக உயர்கிறது. ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். புது ஜாகா தனக்கு என்று நினைத்துக்கொள்கிறான். அது வகை அண்ணனுக்கு.