மோர்ஓவர் அக்கா

பெரம்பலூரில் தொடங்கி அரியலூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், இரண்டு வாக்கியங்களைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் இருக்க விடாத ஒரே மனுஷி எங்கள் மோர்ஓவர் அக்காதான். நடுவில் ஒரு இணைப்புச் சொல்லைச் செருகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நாங்கள் இருவரும் பெரம்பலூரில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ், லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே ரூம். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சைக்கு அக்கா படித்துக்கொண்டிருந்தார். ஒரு நோயாளியைப் பற்றி டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும், அதுதான் எழுத்துத் தேர்வு. கோச்சிங் சென்டரில் ‘மேலும்’, ‘எனவே’, ‘இருப்பினும்’ என்று அறுபது இங்கிலீஷ் இணைப்புச் சொற்களை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் நல்லா இருக்கட்டும், அனுபவித்தது நான்.

அக்கா அதை லேமினேட் செய்து குளியலறையில் மாட்டினார். கடிதம் எழுதும்போது வாக்கியத்துக்கு ஒன்று என்று மாத்திரை கொடுப்பதுபோல் கொடுப்பார். கொடுத்ததும் மருந்து சார்ட்டில் போடுவதுபோல் ஒரு டிக். அறுபதில் ஒன்று விட்டுப்போனாலும் டோஸ் தவறிவிட்டதாகப் பதறுவார்.

பழக்கத்துக்காகப் பேச்சிலும் சேர்த்துக்கொண்டார். குரும்பலூர் பஸ்ஸில் கண்டக்டரிடம், “குரும்பலூர் ஒண்ணு குடுங்க. மோர்ஓவர், ஜன்னல் சீட்டு வேணும். ஆன் தி அதர் ஹேண்ட், முன்னாடி ஸ்டாப்லயே எறங்கினாலும் எறங்குவேன்” என்றார்.

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஓரமா நின்னு ஒரு முடிவுக்கு வாங்கம்மா. நான் பின்னாடி போயிட்டு வரேன்.”

அக்கா எழுதிய கடிதம் ஒன்றைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘இவருக்கு வயது எழுபது. இருப்பினும், இரண்டு மகள்கள். எனவே, கால் உடைந்துவிட்டது.’

கோச்சிங் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏம்மா, ரெண்டு பொண்ணு இருந்தா கால் ஒடிஞ்சிடுமா?”

“ஒடியாதுங்க சார். ஆனா அந்த எடம் காலியா இருந்துச்சே.”

இப்படியே மூன்று முறை பெயில். நான்காவது முறைதான் கடைசி, அதற்குமேல் வேலையைப் பிடித்துவைக்க முடியாது என்று அக்காவை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன வெளிநாட்டு ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அதோடு நானும் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. அக்காவுக்கு அந்த வெளிநாட்டு வேலை கிடைத்தால் அவரும் துபாயை விட்டுக் கூடப் போய்விடலாம்.

“கல்யாணமாகி ஒம்போது வருசம்டி. சேந்து இருந்தது அஞ்சு மாசம் தேறாது. ஒரே வூட்ல இருக்கணும். அவரு உப்பு கம்மின்னு சொல்லணும், நான் சண்டைக்குப் போவணும். வேற என்ன கேட்டேன்?” என்றார்.

மறுநாள் மதியம் டியூட்டி மாறும் நேரம். வழக்கம்போல ஒவ்வொரு பெட்டாக அக்கா என்னிடம் ஒப்படைத்துக்கொண்டு வந்தார்.

“மூணாம் பெட் பெரியவருக்குக் காலைல சுகர் எறங்கிடுச்சு. அதனால டாக்டரைக் கேட்டு ஊசிய நிறுத்தி வெச்சிருக்கு. இட்லி சாப்ட்டாரு, ஆனாலும் தலை சுத்துதுங்கறாரு. டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் எந்திரிக்க வுடாத.”

எனக்குப் பொட்டில் அறைந்ததுபோல் இருந்தது. “அக்கா, அதனால, ஆனாலும்னு எல்லாம் சரியா சொல்றீங்களே. இதுக்கு லிஸ்ட்டைப் பாத்தீங்களா?”

“இது வேலைடி. மாத்திச் சொன்னா ஆளு போயிடும். அது வெறும் பரீட்சை.”

“பரீட்சைலயும் ஒரு ஆளு படுத்திருக்காருன்னு நெனச்சு எழுதுங்க.”

சாயங்காலம் அக்காவே லிஸ்ட்டைக் கழற்றி அலமாரியில் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கேஸையும் முதலில் தமிழில் என்னிடம் ஒப்படைப்பார். எதிர்க்கட்டிலில் நான் அடுத்த டியூட்டி நர்ஸாக உட்கார்ந்து கேட்பேன். பிறகுதான் இங்கிலீஷில் எழுதுவார். சொல் தேவைப்படாத இடத்தில் மட்டும் பேனா துடிக்கும். “இந்த எடம் மொட்டையா இருக்கேடி.” “இருக்கட்டும்க்கா, கைய எடுங்க.”

திருச்சியில் பரீட்சை எழுதிவிட்டு, கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போனவர் மாதிரி திரும்பி வந்தார். “மொத்தமே அஞ்சுதான்டி போட்டேன்.”

ரிசல்ட் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா நாலைந்து தடவை பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். பாஸ். நான்தான் துபாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“என்னங்க, பாஸாயிட்டேன். அதனால…” என்றார். அதற்குமேல் வரவில்லை.

அந்தப் பக்கம் அவர் பொறுமையாகக் காத்திருந்தார். “சொல்லு, அதனால?”

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார்.

“சரி, அழுவாத. நான் வந்துடறேன்” என்றார் அவர். அவர் குரலும் சரியில்லை. நான் சோற்றுத் தட்டோடு வராண்டாவுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அக்கா வெளிநாடு போய் ஏழு மாதமாகிறது. இப்போது நானும் அந்தப் பரீட்சைக்குப் படிக்கிறேன். அவர் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நான் கேஸ் சொன்னால் பொறுமையாகக் கேட்கிறாள், நடுவில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நல்ல பெண்தான். எனக்குத்தான் மோர்ஓவர் அக்கா வேண்டும்.