மூச்சை மட்டும் பாருங்க

“என்னா பண்றே?”

“ஒண்ணும் பண்ணலை.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

கனகமணி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். எதிரே அவள் கணவன் பாலன் காலி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. அதனால் பயந்து போயிருந்தான்.

“நர்ஸம்மா சொன்னாங்கல்ல? தினமும் காலையில கொஞ்ச நேரம் அசையாம உக்காந்து மூச்சைப் பாக்கணும். பிரஷர் இறங்கும்.”

“மூச்சு எங்கடி கண்ணுக்குத் தெரியும்?”

“உங்க மூஞ்சியே எனக்குச் சரியாத் தெரியலை. அதுக்குத்தானே இம்புட்டுப் பாடும்!”

பாடு அதுதான். கல்லுமேடு எஸ்டேட்டில் தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை கனகமணிக்கு. இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் ஒரு சாயங்காலம் ஜெஸிந்தாவின் மகனை வேறொருத்தி கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அவள் வீட்டில் கோழிக்குழம்பு மணந்ததால் அந்தப் பயலும் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்: “இந்தத் தடவை கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா வேலை. இல்லேன்னா வேற ஆளு.”

வருஷத்துக்கு ஒரு தடவை வரும் கண் ஆஸ்பத்திரி வேன் வெள்ளிக்கிழமை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் நர்ஸ் சசிரேகா பிரஷர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“இவ்வளவு பிரஷரோட போனா டாக்டர் கண்ணைத் தொடமாட்டாருக்கா. மாத்திரை தர்றேன். அதோட தினமும் தியானம் பண்ணுங்க. என்ன சத்தம் கேட்டாலும் கண்ணைத் திறக்கக்கூடாது, பதில் பேசக்கூடாது. மூச்சை மட்டும் பாருங்க.”

கனகமணி மறுபடி கண்ணை மூடினாள்.

“சீனி எங்க இருக்கு?” என்றான் பாலன்.

மூச்சு உள்ளே போனது.

“உன்னத்தான். சீனி!”

மூச்சு வெளியே வந்தது.

“கோவமா?”

பாலன் குரலை உயர்த்தினான். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் ஒரு வீட்டுச் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் சொந்தம். ஜெஸிந்தா வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

“அக்கா, அண்ணன் மேல என்ன கோவம்? எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லிருங்க. இப்படி உம்முன்னு இருந்தா ஆம்பளைக்கு எப்படிப் புரியும்?”

“நானும் அதைத்தான் கேக்குறேன்!” என்றான் பாலன். கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு வேர்த்துவிட்டது. “சரிடி, ஒத்துக்குறேன். ஞாயித்துக்கிழமை நான் கூடலூர் போனது மருந்து வாங்க இல்லை. போதுமா?”

கனகமணி இரண்டு கண்ணையும் திறந்தாள்.

“பின்ன எதுக்குப் போனீங்க?”

அன்றைய தியானம் அதோடு முடிந்தது. சண்டை மத்தியானம் வரை நடந்தது.

மறுநாள் வீடே வேண்டாமென்று தேயிலைக் காட்டுக்குப் போனாள். ஒரு பாறை ஓரம், செடி மறைவில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நாலு மூச்சுகூட ஆகியிருக்காது.

“ஐயோ, கனகமணியக்கா! பாம்பு கடிச்சிருச்சு போல!”

“ஆடாம அசையாம கெடக்கே!”

“காலைக் கட்டுங்கடி!”

கொழுந்து பறிக்க வந்த பெண்கள் அவள் இரண்டு காலையும் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டி, கொழுந்துச் சாக்கில் போட்டுத் தூக்கிவிட்டார்கள்.

“மூச்சு இருக்கான்னு பாரு!”

“அதைத்தான்டி நான் பாத்துக்கிட்டிருந்தேன்!” என்று சாக்குக்குள்ளிருந்து கத்தினாள் கனகமணி.

பதறிப்போய் அவளைக் கீழே போட்டார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். பூசை இல்லாத நாள். கோயிலில் கண்ணை மூடி உட்கார்ந்தால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

கேட்டார்கள். முதலில் தண்ணீர் எடுக்க வந்த வீரம்மா பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“தாயே! வந்துட்டியா!”

கொஞ்ச நேரத்தில் சூடத்தின் வாசனை கனகமணியின் மூக்கில் ஏறியது. நெற்றியில் யாரோ ஒரு பிடி குங்குமத்தை அப்பினார்கள்.

“எம் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போறேங்கிறான் தாயே. போகலாமா, இங்கேயே இருக்கட்டுமா?”

மூச்சைப் பார், மூச்சைப் பார்.

“மாமியா என்னைப் படுத்துற பாடு உனக்குத் தெரியாதா தாயே? எப்ப விடிவு?”

“தாயே, தேங்காய் உடைக்கட்டுமா, சேவல் வேணுமா?”

கனகமணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

“போங்க! எல்லாரும் இங்கேயிருந்து போங்க!”

“உத்தரவு கிடைச்சிருச்சு!” என்று குலவை போட்டாள் வீரம்மா. அவள் மகன் அடுத்த பஸ்ஸிலேயே பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் போய்விட்டான்.

வியாழக்கிழமை சசிரேகா பிரஷர் பார்த்தாள்.

“ஏறியிருக்கேக்கா! நான் சொன்னதைப் பண்றீங்களா, இல்லையா?”

“பண்ண விட்டாத்தானே! இந்த எஸ்டேட்டுல ஒரு பொம்பளை வேலை செஞ்சா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். சும்மா உக்காந்தா ஊரே கூடிருது.”

“நாளைக்குக் காலையில கடைசியா ஒரு தடவை பாத்துருவோம். ஆளே இல்லாத இடமாப் பாத்து உக்காருங்க. நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், இடி விழுந்தாலும்…”

“மூச்சை மட்டும் பாக்கணும். தெரியும்.”

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே கிளம்பினாள். ராத்திரி பெய்த மழையில் புல்லெல்லாம் அட்டை. எங்கே உட்கார்ந்தாலும் ஏறும். அட்டை இல்லாத இடம் தார் ரோடு ஒன்றுதான். ரோடு என்பது பேருக்குத்தான், பாதி குழி. பாலத்துக்குப் பக்கத்தில் மட்டும் நடுவில் ஒரு பாய் அளவுக்குத் தார் மிச்சமிருந்தது. அங்கே உரச்சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பனிமூட்டத்தில் தன் கையே தெரியவில்லை. முதல் பஸ் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதற்குள் எழுந்துவிடலாம்.

அன்றைக்குப் பார்த்து பஸ் சரியான நேரத்துக்கு வந்தது.

“ஏனுங்கம்மா! ரோட்டுல உக்காந்திருக்கீங்களே, தள்ளிக்குங்க!” என்றார் டிரைவர்.

கனகமணி கண்ணைத் திறக்கவில்லை.

“எந்தா சேச்சி, சுகமில்லையா?” என்று கேட்டார் கண்டக்டர்.

பதில் பேசக்கூடாது.

சத்தம் கேட்டு ஜெஸிந்தா லைனிலிருந்து ஓடி வந்தாள். சாக்கைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், நிற்கிற பஸ்ஸைப் பார்த்தாள்.

“அக்கா… ரோட்டுக்காகவா?” சேலையை இழுத்துச் செருகினாள். “எத்தனை மனு கொடுத்தோம், ஒருத்தனும் கேக்கலை. நீங்க தனி ஆளா உக்காந்துட்டீங்களே! நானும் வர்றேன்க்கா.”

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். யூனியன் செயலாளர் பிரைட்டன் தலையில் சொருகிய சீப்போடு ஓடி வந்தார்.

“மறியல் பண்ணணும்னு நான் எத்தனை கூட்டம் போட்டேன்! டீயைக் குடிச்சிட்டுக் கலைஞ்சு போனீங்களே, வெக்கமா இல்லை? அக்காவைப் பாருங்கடா! வேண்டும், வேண்டும், ரோடு வேண்டும்!”

கூட்டமும் கத்தியது. கனகமணிக்குத் தலை விண்ணென்றது. கையை மட்டும் தூக்கி, வாயை மூடுங்கள் என்று சைகை காட்டினாள்.

பிரைட்டனுக்குப் புல்லரித்தது.

“மவுனப் போராட்டம்! ஒருத்தரும் மூச்சுக் காட்டக்கூடாது. டிரைவர் சார், எஞ்சினை நிறுத்துங்க. எவனாவது ஹாரன் அடிச்சான், கையை ஒடிச்சிருவேன்.”

ரோடு அடங்கியது.

அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கனகமணிக்கு மூச்சு தெரிந்தது. மூக்கு நுனியில் சில்லென்று உள்ளே போனது, வெதுவெதுப்பாக வெளியே வந்தது. சவுக்கு மரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்த சத்தம் கேட்டது. முட்டி வலித்தது, பிறகு வலியும் அலுத்துப் போய் விலகியது. பாலனின் ஞாயிற்றுக்கிழமைகூட மறந்துபோனது. இதை விட்டு எவளாவது எழுந்திருப்பாளா?

ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார்.

“அம்மா, எந்திரிங்க. குழிக்கு மண்ணு அடிச்சு விடச் சொல்றேன்.”

மூச்சு உள்ளே.

“சரிங்கம்மா, ஜல்லி போட்டுர்லாம்.”

மூச்சு வெளியே.

“தாரே போடுறோம்மா! பின்னால வண்டியெல்லாம் அந்த வளைவைத் தாண்டி நிக்குது, பாருங்க!”

பிரைட்டன் குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தார். “அக்கா, ஒத்துக்கிட்டாங்க. எந்திரிச்சிரலாம்.”

“இன்னும் கொஞ்ச நேரம்,” என்றாள் கனகமணி உதடு மட்டும் அசைய.

பிரைட்டன் நிமிர்ந்தார். “அக்காவுக்குத் திருப்தி இல்லை.”

“தெரு விளக்கும் போட்டுத் தர்றேன்!” என்றார் அதிகாரி அழாக்குறையாக. “எழுதியே தர்றேன்!”

தானாகக் கண்ணைத் திறந்தபோது பனி விலகி வெயில் வந்திருந்தது. கழுத்தில் மாலை கிடந்தது. சுற்றிலும் கைதட்டல்.

“மணி என்னாச்சு?” என்றாள்.

“அக்கா, ரெண்டு வார்த்தை பேசிட்டு…”

“பேச்சாவது! கண்ணு ஆபரேஷனுக்குப் போகணும்யா!”

மாலையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சசிரேகா அவளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். கண்ணை மூடியதும் அந்த அமைதி கூப்பிட்ட குரலுக்கு வந்ததுபோல் வந்தது. சசிரேகா அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி அமுக்கினாள். ஒரு தடவை பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

“அக்கா! சின்னப் புள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கு! இனி எந்த டாக்டரும் வேணாம்னு சொல்ல முடியாது.”

கனகமணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. “வேன் எங்கம்மா நிக்குது? ஏறிக்கிறேன்.”

பெஞ்சின் அந்த ஓரத்தில், மடியில் துணிப்பையோடு, பக்கத்து எஸ்டேட் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இரண்டு கண்ணிலும் புரை. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“எங்க ஏறுறது? வேன் ரோட்டுல நின்னு நின்னு பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிருச்சாம், இனி அடுத்த வருஷந்தானாம். எவளோ ஒருத்தி நடு ரோட்டுல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து, கேட்டதெல்லாம் தர்றோம்னு கால்ல விழுந்தும் எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாளாம்மா!”