அரிசி மூட்டையும் கரியர் அண்ணையும்

ரொறன்ரோ நகரம் எத்தனையோ விசித்திரமான மனிதர்களைப் பார்த்திருக்கும். ஆனால் ஒரு அரிசி மூட்டையைச் சைக்கிளில் ஏற்றி, ஏரிக்கரைக்குக் காற்று வாங்கக் கூட்டிப்போய், திரும்பப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து இறக்கிய மனிதர் ஒருவரைத்தான் பார்த்திருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி இரண்டாவது ஆள் இந்த நாட்டிலேயே கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரே அப்பார்ட்மென்ற்றில் அவரும் நானும் மூர்த்தியும் சேர்ந்து குடியிருந்தோம். பாஸ்போட்டில் அவருக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதை வெள்ளைக்காரர் சொன்னால் அவருக்கே விளங்காது. நாங்கள் சொன்னால் திரும்பிப் பார்க்கமாட்டார். கரியர் அண்ணை என்றால்தான் திரும்புவார்.

அண்ணைக்கு ஒரு பட்டறையில் கார்களின் புகைக்குழாய் ஒட்டும் வேலை. வந்த புதிதில், யாரோ வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். மெல்லிய, ஒரு கையால் தூக்கக்கூடிய சைக்கிள். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடாப்பா இது, மட்காட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, மணி இல்லை. அம்மணமா நிக்குது" என்று கவலைப்பட்டார். ஒவ்வொன்றாகத் தேடி எல்லாவற்றையும் பூட்டினார். கடைசியாகப் பட்டறையில் இரும்புக் குழாய்களை வெட்டித் தன் கையாலேயே ஒட்டி, பின்பக்கம் ஒரு கரியர் செய்தார். அதில் ஒரு ஆட்டை மட்டுமல்ல, ஆட்டின் சொந்தக்காரரையும் சேர்த்துக் கட்டலாம். சைக்கிளைவிடக் கரியர் பாரம். அதற்கு மேலே பழைய சோபா ஒன்றின் மெத்தையை வெட்டி, துணி சுற்றித் தைத்தும் விட்டார்.

மூர்த்தி ஒருநாள் சும்மா அதில் ஏறி உட்கார்ந்தான். அண்ணை சமையலறையிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

"இறங்கடா! உது உனக்குச் செய்ததில்லை."

"பின்ன ஆருக்குச் செய்ததண்ணை?"

"ஆருக்கோ செய்தது. நீ இறங்கு."

அண்ணைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கோஷ்டியின் தலைவர். கிழமை நாட்களில் இரண்டு வேலை பார்த்துக் களைத்துப்போன ஏழெட்டுப் பிரமச்சாரிகளும், பிரமச்சாரிகளைப் போல இருந்த சில குடும்பஸ்தர்களும்தான் கோஷ்டி. காலையில் தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில் கூடுவோம். ஏரிக்கரை வரை போய் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். இலை சிவக்கத் தொடங்கியதும் ஊரிலுள்ள மற்றவர்கள் சைக்கிளைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். எங்கள் தலைவரோ, "பனி விழும் மட்டும் சீசன் முடியேல்லை" என்று சொல்லிவிட்டார். ஆகவே நவம்பர் மாதத்துக் குளிரில், தலைக்குக் குரங்குத் தொப்பியும் கைக்குக் காலுறையும் மாட்டிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காற்சட்டை போட்ட ஒரு கூட்டம் ஸ்காபரோ வீதிகளில் உழக்கிக்கொண்டு போகும். பார்த்தவர்கள் வங்கிக் கொள்ளைக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடுவது போய்ச்சேருவதற்காக அல்ல, கதைப்பதற்காக. இருவர் இருவராகச் சோடி சேர்ந்து, ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். ஏரிக்கரைப் பாதையிலும் அப்படியே போனோம். ஒரு ஞாயிறு, உடம்போடு ஒட்டிய உடுப்புப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் எங்களை விலக்கிக்கொண்டு பறந்தார். போகிற போக்கில், "சிங்கிள் பைல்! சிங்கிள் பைல்!" என்று கத்தினார்.

"உவர் என்ன சொல்லுறார்?" என்று அண்ணை என்னைக் கேட்டார்.

"ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் போகட்டாம்."

"அப்ப எப்பிடிக் கதைக்கிறது? முதுகோடயோ?" பறந்து போகிறவரின் முதுகைப் பார்த்தார். "பாவம், கதைக்க ஆளில்லாமல்தான் மனிசன் உந்தப் பறப்புப் பறக்குது."

சொன்னவர் எழும்பி நின்று உழக்கி, அந்த மனிதரை எட்டிப் பிடித்து, அவருடைய தோளில் கையைப் போட்டார். மனிதர் பயந்துபோய்ப் பாதையோரப் பற்றைக்குள் இறங்கினார். அண்ணையே அவரைத் தூக்கி நிமிர்த்தி, பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீரும் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களைக் கண்டால் தூரத்திலேயே கை காட்டுவார். ஆனால் கிட்ட மட்டும் வரமாட்டார்.

இதெல்லாம் சரி. அரிசி மூட்டைதான் எங்களுக்கு விளங்கவில்லை. ஏரிக்கரைக்குப் போகும்போது அதைக் கரியரில் வைத்து, இடுப்பில் கட்டுவதுபோல மெல்லமாக ஒரு கயிற்றைச் சுற்றுவார். சனிக்கிழமைகளில் எங்களை விட்டுவிட்டுத் தனியாக அதையும் ஏற்றிக்கொண்டு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் போவார். அப்போது அங்கே தோட்டமும் வெறும் றோட்டும்தான். மேட்டு நிலம் என்றால் அண்ணைக்குத் தனி ஆசை. பின்னேரம் கால் நடுங்க வந்து சேருவார். முகத்தில் மட்டும் சோதனை பாஸ் பண்ணிய சந்தோசம் இருக்கும். கேட்டால், "பின்னுக்குப் பாரம் இருந்தாத்தான் சைக்கிள் சொல்லுக் கேக்கும்" என்பார். அண்ணை களவாக அரிசி வியாபாரம் செய்கிறார் என்பது மூர்த்தியின் கட்சி. மூளை கழன்றுவிட்டது என்பது மற்றவர்களின் கட்சி. நான் இரண்டு கட்சியிலும் இருந்தேன்.

ஒரு குளிர் ஞாயிறு, ஏரிக்கரையில் அண்ணை முன்னால் போக நாங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். மூட்டையில் எங்கோ சின்ன ஓட்டை. பாதை நெடுகிலும் மெல்லிய வெள்ளைக் கோடாக அரிசி விழுந்துகொண்டே போயிற்று. தெற்கே பறக்கப் பலம் சேர்த்துக்கொண்டு புல்லில் நின்ற காட்டு வாத்துகளில் முதலில் ஒன்று வந்தது, பிறகு நாலு வந்தது, பிறகு கண்ணுக்கு எட்டிய வாத்தெல்லாம் வந்தது. அண்ணை மணியடித்துக்கொண்டு போகிறார்; பின்னால் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டு வாத்துகளின் ஊர்வலம்; அவற்றுக்குப் பின்னால் வழி கிடைக்காமல் நாங்கள். உலாவ வந்த சனமெல்லாம் நின்று படம் எடுத்தது. கோயில் திருவிழாவில்கூடச் சாமிக்குப் பின்னால் அவ்வளவு ஒழுங்காக ஆட்கள் போனதில்லை.

சத்தம் கூடியதும் அண்ணை திரும்பிப் பார்த்துக் குதித்து இறங்கினார். வாத்துகளைத் துரத்தவில்லை. அரிசி போனதே என்று சொல்லவுமில்லை. பாதி வெறுமையாகிச் சரிந்து கிடந்த மூட்டையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, "ஐயோ, எவ்வளவு மெலிஞ்சுபோனா" என்றார்.

வாத்துகளை விலக்கிக்கொண்டு கிட்டப் போனோம். மூர்த்திதான் கேட்டான்.

"ஆரண்ணை மெலிஞ்சது?"

அண்ணை அங்கேயே பாதையோரத்து மர வாங்கில் உட்கார்ந்து சொன்னார். ஊரில் கலியாணம் முடித்துச் சில மாதங்களிலேயே அவர் நாட்டைவிட்டு வெளிக்கிடவேண்டி வந்தது. மனைவி சுகந்தியைத் தன் தாயாரோடு விட்டுவிட்டு வந்தார். சுகந்தி அக்காவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அந்தச் சில மாதங்களும் அண்ணைதான் கரியரில் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார். "கண்ணை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, என்ரை சேட்டு முதுகைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா. வெளிக்கிடுற அண்டு என்ன கேட்டவா தெரியுமே? அங்கை கார் வாங்கினாலும், முதலிலை என்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு ஊர் காட்டவேணுமெண்டு கேட்டவா. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்." மூட்டையைத் தடவினார். "எங்கடை ஊரிலை மேடு எண்டு ஒண்டு இல்லை. இஞ்சை பார், எல்லாம் ஏத்தம். பழகாமல் எப்பிடி ஏத்துறது? அவ வரேக்கை நான் இளைச்சுக்கொண்டு நிண்டால் வெக்கமெல்லே?"

அக்காவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்து வருடக்கணக்காகியிருந்தது. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று அந்தக் காலத்தில் எங்களில் பாதிப்பேர் யாருக்காகவோ காத்திருந்தோம். நாங்கள் சும்மா காத்திருந்தோம், அண்ணை ஒருவர்தான் பயிற்சி எடுத்தார்.

அன்றிலிருந்து அரிசி மூட்டைக்குக் கோஷ்டியில் தனி மரியாதை. போரில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட இடப்பெயர்வுக்குப் பிறகு சுகந்தி அக்கா எப்படியோ கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். ஞாயிறு காலையில் சைக்கிள் எடுக்குமுன் அண்ணை போன் காட்டின் நம்பரைச் சுரண்டி அவரோடு கதைப்பார். நாங்கள் தொப்பியோடு வாசலில் நிற்போம்.

"சாப்பிட்டனீரே? தடிமனும் இருமலும் சுகமே? அதுசரி, இப்ப என்ன நிறை இருப்பீர்?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் வாசலில் நின்ற எங்களுக்கே கேட்டது.

"கோவிக்காதையும். சும்மாதான் கேட்டனான்."

ஒருநாள் போனை வைத்துவிட்டு, "லொட்ஜ் சாப்பாடு, நடையும் இல்லை. கொஞ்சம் உடம்பு வைச்சிட்டாவாம்" என்று அறிவித்து, அரிசியோடு ஒரு சின்ன வெங்காயப் பையையும் கட்டினார். இன்னொரு நாள் காய்ச்சல் என்று தகவல். வெங்காயம் இறங்கியது. விசாவுக்கான மெடிக்கல் முடிந்தது என்று செய்தி வந்தபோது அண்ணைக்கு இரட்டைச் சந்தோசம். விசா கிட்ட வந்துவிட்டது என்பது ஒன்று. டொக்டர் எழுதிய சரியான நிறை கைக்கு வந்துவிட்டது என்பது மற்றது. அன்றைக்கே தராசு வாங்கி வந்து மூட்டையை நிறுத்தார்.

விசா வந்தது இலையெல்லாம் விழுந்து முடிந்த பிறகு. அக்காவுக்குப் பிளேன் நவம்பர் கடைசியில். கோஷ்டியில் பாதிப்பேர் குளிருக்குப் பயந்து கழன்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் காலநிலை சொல்லும் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பனி விழுந்து வீதி உறைந்தால் சைக்கிள் சித்திரைக்குத்தான். அந்தப் பெண் வடக்கே பனி என்று சொன்னால் அண்ணை, "உவவுக்கு வேறை வேலை இல்லை" என்று சத்தத்தைக் குறைத்துவிடுவார். வேலைக்குப் போகும் பஸ்சில் வானத்தைப் பார்த்துக்கொண்டே போய், இறங்குமிடத்தைத் தவறவிட்டதும் உண்டு. இவ்வளவு காலம் காத்திருந்த மனிதருக்கு இன்னுமொரு மாரி, பனி கரையும்வரை, காத்திருக்கத் தெம்பு இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

பனி விழவில்லை. அக்கா வந்து இறங்கினார். அடுத்த ஞாயிறு பிளாசாவில் பழைய கோஷ்டி முழுவதும், கழன்றவர்கள் உட்பட, குரங்குத் தொப்பியோடு வந்து நின்றது. மூர்த்தி தன் தங்கையிடம் வாங்கிவந்த குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு சுகந்தி அக்கா கரியரில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார். அண்ணை மணியை அடித்தார். கை தட்டினோம்.

மட்டமான வீதியில் சைக்கிள் அருமையாகப் போயிற்று. அக்காவுக்கு அண்ணை மூச்சுவிடாமல் ஊர் காட்டினார். "இது பள்ளிக்கூடம். இது நூலகம். இது மூர்த்தி விழுந்த இடம்." பிறகு ஓடைப் பாலத்தைத் தாண்டி ஏற்றம் வந்தது. அரிசி பேசாமல் இருக்கும், ஆள் அப்படியில்லை. அக்கா ஒருதரம் அசைந்தார். சைக்கிள் பாம்புபோல நெளிந்தது. அண்ணை எழும்பி நின்று உழக்கினார். பாதி ஏற்றத்தில் சைக்கிள் நின்றேவிட்டது.

"பொறும், பொறும். இன்னொருக்கா. தடிமன் பிடிச்சிருக்கு, அதுதான்." அண்ணை மிதியைத் திரும்பக் காலால் தேடினார். அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

அக்கா இறங்கி அவருடைய முகத்தைப் பார்த்தார். அவர் அன்று வழியனுப்பிய மனிதருக்குத் தலை நரைத்திருக்கவில்லை. "இறங்குங்கோ. நான் உழக்கிறன்" என்றார்.

"உமக்கு ஓடத் தெரியாதே!"

"நீங்கள் போகேக்கை தெரியாது. இடம்பெயரேக்கை, அந்த மழைக்குள்ளை, மாமியைக் கரியரிலை வைச்சு, யாழ்ப்பாணத்திலையிருந்து சாவகச்சேரி மட்டும் உழக்கினனான். வழியெல்லாம் சனம். மாமி விழுந்திடுவாவெண்டு என்னோடை சேத்துக் கட்டிக்கொண்டுதான் போனனான். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு மாமிதான் சொன்னவா. அவன் அங்கை தனிய இருந்து அழுவானெண்டு."

அண்ணை இறங்கினார். சைக்கிளைக் கொடுத்தார். அக்கா குறுக்குப் பாருக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டார். அண்ணை தான் செய்த கரியரில், தான் தைத்த மெத்தையில், ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார். அக்கா எழும்பிக்கூட நிற்கவில்லை. ஒரே சீராக உழக்கி அந்த ஏற்றத்தை ஏறினார். நாங்கள் யாரும் அவர்களை முந்தவில்லை. சைக்கிள்களை உருட்டிக்கொண்டு நடந்தே போனோம். அண்ணை அக்காவின் முதுகில் நெற்றியை வைத்திருந்தார். அவருடைய தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

அடுத்த கோடையில் அவர்கள் இருவரும் அக்காவின் தமையன் இருந்த மொன்றியலுக்குக் குடிபோனார்கள். முதலில் கிழமைக்கொரு போன் வந்தது. பிறகு பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் வந்தது. பிறகு எல்லோருக்கும் பிள்ளைகள், வீட்டுக் கடன், நம்பர் மாற்றம் என்று அதுவும் நின்றுபோயிற்று.

நான் இப்போது ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி இருக்கிறேன். பால் வாங்கவும் கார்தான். கராஜில் விலை கூடிய சைக்கிள் ஒன்று நிற்கிறது. இலை விழுந்து, பனி இன்னும் விழாத ஞாயிறுகளில் அதை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போய் வருவேன். நல்ல ஏற்றம் ஒன்று வரும்போது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், வாய்விட்டே சொல்கிறேன்: அண்ணை, எங்கே இருக்கிறியளோ, எனக்கு உங்களைத் தேடுது.