பூமத்திய ரேகையில் போட்ட மொட்டை

கல்யாணத்துக்கு நாள் குறித்தவன் பூமத்திய ரேகைப் பக்கம் போகக் கூடாது. நான் போனேன்.

எழுபதுகளில் ஒரு சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாக இருந்தேன். தூத்துக்குடியிலிருந்து மொம்பாசா போகும் வழியில் ரேகையைத் தாண்டினோம். முதல்முறை தாண்டுகிறவனைக் கப்பலில் சும்மா விடமாட்டார்கள். பஞ்சுத் தாடி ஒட்டிக் கடல்ராஜாவாக உட்கார்ந்திருந்த தலைமைச் சமையல்காரர், என் தலையில் மைதாக் கரைசலை ஊற்றி, மொட்டை அடித்து, மீசையையும் எடுத்துவிட்டார். (கடலை எட்டிப் பார்த்தேன். கோடு எதுவும் தெரியவில்லை.)

ஊர் திரும்பியபோது கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. பெண் வீட்டுக்குப் போனேன். வருங்கால மாமனார் என் தலையையே பார்த்தார்.

"திருச்செந்தூர் போயிட்டு வாரியளோ மாப்பிள்ள?"

எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் இது சாதாரணக் கேள்வி அல்ல. முருகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு மாதா கோயிலில் தாலி கட்ட வருகிறாயா என்று அர்த்தம்.

"இல்ல மாமா. பூமத்திய ரேகையத் தாண்டினேன். தாண்டினா மொட்ட போடுவாவ."

"அது எங்கன இருக்கு?"

கப்பலில் கேட்டதை ஒப்பித்தேன். "கென்யா, உகாண்டா, காங்கோ, சுமத்ரா..." அவர் முகம் இளகவில்லை. அவருக்குத் தெரிந்த இடமாக ஒன்று இருக்கட்டுமே என்று பதற்றத்தில் "இலங்கை" என்றும் சேர்த்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பெண்ணின் தாய்மாமா கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர். தன் சுருட்டை முடியை மெல்லத் தடவிக்கொண்டார்.

"மாசாமாசம் போயிட்டு வாரேன். எனக்கு ஒருத்தனும் மொட்ட போடலியே."

"கல்யாணத்தத் தள்ளி வச்சு விசாரிப்போம்" என்றார் மாமனார். என் வியர்வை தடுக்க ஒரு முடிகூட இல்லாமல் நேராகக் கண்ணுக்குள் இறங்கியது.

அப்போது கல்யாணப் பெண் ரோசலின் தன் பள்ளிக்கூட அட்லஸோடு உள்ளேயிருந்து வந்தாள். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிரேசிலில் விரலை வைத்து ஆப்பிரிக்கா வழியாகச் சுமத்ரா வரை இழுத்தாள்.

"கோடு இதுதாம்பா. மொம்பாசா இதுக்குக் கீழ இருக்கு. தாண்டாமப் போக முடியாது." விரலை மேலே நகர்த்தினாள். "இலங்கைய இது தொடவே இல்ல. மொட்ட நெசம்தான். இவுகளுக்குப் பூகோளம்தான் வரல."

தாய்மாமா சிரித்துவிட்டார். மாமனார் சிரிக்காமல், "மீசையாவது மொளைச்சிருமா?" என்று கேட்டார்.

சரியாக முளைக்கவில்லை. கல்யாணப் போட்டோவில் இருப்பது கண்மையில் வரைந்த மீசை.

இன்றும் தூத்துக்குடியில் மில்லர்புரத்துக்கு வழி கேட்டு யாராவது எங்கள் வாசலில் என்னிடம் நின்றால், ரோசலின் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள்:

"அவுகளக் கேக்காதிய. கொழும்பு வழியா அனுப்பிருவாவ."