கேப்டன் தின்ற கடைசி அத்தியாயம்

பெண் பார்க்கப் போன இடத்தில், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பரோட்டா பிடிக்கும், மத்தியானத் தூக்கம் பிடிக்கும் என்று நான் சொல்லியிருந்தால், என் மானம் இன்றைக்குக் கொடைக்கானல் கடைவீதியில் இப்படிச் சந்தி சிரித்திருக்காது. அன்றைக்கு என் வாய் மூளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகிதாவின் அம்மா கேட்டதும், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். புலி, யானை, கரடி, மறுபடியும் புலி என்று அட்டை போட்ட புத்தகங்கள். "எனக்கு மிருகக் கதைன்னா உசுரு மாமி" என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நான் கொடைக்கானலில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் திண்டுக்கல். தங்கியிருந்தது அட்டுவம்பட்டியில், ஒற்றை அறையில். துணைக்குக் கேப்டன் என்று ஒரு நாய். ராஜபாளையம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். (வளர வளர எல்லா ஊர்ச் சாயலும் அதற்கு வந்தது, ராஜபாளையத்தைத் தவிர.) அதுவரை நான் முழுதாகப் படித்து முடித்த மிருகக் கதை, கேப்டனின் தடுப்பூசி அட்டை.

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்தான் கடைவீதியில் தைலமும் தேயிலையும் விற்கும் கடையை நடத்துகிறவர். மாமா கூட இருப்பார், அவ்வளவுதான். மாமி உள்ளே போய், வெள்ளைத் துப்பட்டியில் சுற்றிய கனத்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இது 'சோலைக் கிழவன்'. ஒரு கெழட்டுக் காட்டுமாட்டோட கத. வாரப் பத்திரிகைல தொடரா வந்துச்சு தம்பி. நான் வாராவாரம் வெட்டி எடுத்து, நானே மைதா காய்ச்சி ஒட்டி பைண்டு பண்ணுனது. வேற எங்கயும் கெடைக்காது. அந்தப் பத்திரிகையே இப்ப இல்ல."

"நான் பத்திரமா பாத்துக்கிறேன் மாமி."

"வருசா வருசம் மழக்காலத்துல கடைல உக்காந்து எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவேன். கடைசி அத்தியாயம் மட்டும் என்னால ஆகாது. அழுக வந்து தொண்டைய அடச்சுக்கும். இவுகள வாசிக்கச் சொன்னா, ரேஷன் கடைல பேரு கூப்பிடுற மாதிரி வாசிப்பாக."

"நிறுத்தி நிதானமா வாசிப்பேன்" என்றார் மாமா, பாராட்டை ஏற்றுக்கொள்கிறவராக.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம கடைக்கு வாங்க தம்பி. கடைசி அத்தியாயத்த உங்க வாயால கேக்கணும். கேட்டுட்டு, இன்ஷா அல்லா, தேதி பேசிருவோம்."

அதாவது, என் கல்யாணம் ஒரு காட்டுமாட்டின் கதையில் தொங்கியது. திரைக்குப் பின்னால் நின்ற சாகிதா சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காக நான் அன்று ஒரு கலைக்களஞ்சியத்தையே மனப்பாடம் செய்வதாகக்கூட ஒத்துக்கொண்டிருப்பேன்.

கொடைக்கானலில் இருந்தவர்களுக்குத் தெரியும், மழைக்கால மூடுபனி சும்மா இருக்காது. கதவிடுக்கு வழியாக வந்து துணி, தலையணை, தீப்பெட்டி எல்லாவற்றையும் ஈரமாக்கிவிட்டுப் போகும். இரண்டே நாளில் 'சோலைக் கிழவ'னின் அட்டையில் சாம்பல் பூசணம் தெரிந்தது. பதறிப்போய், அறையிலேயே காய்ந்த இடம் எதுவென்று தேடிப் புத்தகத்தை அங்கே வைத்தேன். அடுப்புக்கு மேலே ஒரு பலகை. அங்கேதான் அம்மா திண்டுக்கல்லிலிருந்து கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலமும் இருந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று நாள் அந்தப் புத்தகம் கருவாட்டு வாசனையில் ஊறியது. உள்ளே ஏற்கெனவே மைதா. மேலே கருவாடு. ஒரு நாய்க்கு இதைவிடப் பெரிய விருந்தை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கதவைத் திறந்தால், கேப்டன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதன் மீசையில் ஒரு காற்புள்ளி ஒட்டியிருந்தது. (மிகை என்பார்கள். நான் பார்த்தேன்.) பலகை சரிந்து கிடந்தது. கருவாட்டைக் காணோம். புத்தகத்தின் பின்னட்டையையும் கடைசி அத்தியாயத்தையும் காணோம். முதல் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்த மூலையையும் சுவை பார்த்திருந்தது. ஆகவே அந்த மகானின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, மிச்சம் இருந்ததை வாசிக்க உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல்தான். மத்தியானச் சோற்றை மறந்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். மந்தை விலக்கிவிட்ட அந்தக் கிழட்டு மாடு, மழையில் தனியாகப் புல்வெளியைக் கடந்து போகிற இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுத்தைக் கூட்டி ஒரு மனுஷனால் இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மூடுபனியில் கைக்குழந்தையோடு நடந்து வரும் ஒரு பெண், வளைவில் திரும்பினால் எதிரே சோலைக் கிழவன். அதற்குப் பிறகு கேப்டனின் பல் தடம்.

சாகிதாவுக்குப் போன் போட்டேன். "கடைசில என்னதான் ஆகும்?"

"நீங்கதான படிக்கிறீங்க?"

"சும்மா, நீ எப்படிச் சொல்றன்னு பாக்கத்தான்."

"யாருக்குத் தெரியும்? அம்மா அந்த எடத்துக்கு வந்ததும் அழுதுரும். அத்தா வாசிச்சா நாங்க தூங்கிருவோம்."

என் மண்டையில் வெளிச்சம் வந்தது. யாருக்கும் தெரியாது! மாமிக்கு மட்டும் தெரியும். அவரோ அழுதுகொண்டிருப்பார். அழுகிறவர் கவனிப்பாரா என்ன?

அடுத்த நாள் லாட்ஜ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை நானே எழுதினேன். ஆறு பக்கம். எழுத எழுத எனக்கே அழுகை வந்தது. கிடைத்தது லாட்ஜ் பில் அடிக்கிற தாள்தான். மேலே இருந்த லாட்ஜ் பெயரையும் கீழே இருந்ததையும் கத்தரித்து, தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கி, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். கேப்டன் வந்து என் பக்கங்களை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த விமர்சனத்தை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. மழை விட்டு, மூடுபனி இறங்கியிருந்தது. கடையில் மாமா, மாமி, சாகிதா, பள்ளங்கியிலிருந்து பூண்டு மூட்டையோடு வந்திருந்த ஒரு பெரியவர், பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர். அறையில் கட்டிப்போட்டிருந்த கேப்டன் கயிற்றையும் தின்றுவிட்டு என் பின்னாலேயே வந்து பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டது. மாமி கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டார்.

தொண்டையைச் செருமி ஆரம்பித்தேன். "சோலைக் கிழவன் மலையே அதிரக் கர்ஜித்தான்..."

"காட்டுமாடு கர்ஜிக்குமா?" என்றார் பள்ளங்கிப் பெரியவர்.

"கதைல கர்ஜிக்கும். சும்மா இருங்க" என்றார் மாமா.

இரண்டாம் பக்கத்தில் சோலைக் கிழவன் அந்தப் பெண்ணுக்கு முன்னால் மண்டியிட்டான். நாலாம் பக்கத்தில் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டான். மாமி மட்டும் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்குக் குளிரிலும் வேர்த்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

அப்போது கடை திடீரென்று அமைதியாகிவிட்டது. பெரியவர் டீயை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தியிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். கடைக்கு முன்னால், கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், ஒரு காட்டுமாடு நின்றது.

இரண்டு வருஷம் கொடைக்கானலில் இருந்தும், தூரத்துச் சரிவில் கறுப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சத்தமில்லாமல் எப்படி வந்தது? கடை வாசல் முழுக்க அதுதான். நெற்றியில் வெளிறிய மயிர், முழங்காலுக்குக் கீழே வெள்ளை, முதுகில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதன் மூச்சு என் கையிலிருந்த தாளை லேசாகத் தூக்கித் தூக்கிப் போட்டது. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்ததற்கு எனக்கு இன்னும் பெயர் தெரியவில்லை. நான் எழுதிய ஆறு பக்கமும் எவ்வளவு பெரிய பொய் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

ஆனால் வாய் நிற்க வேண்டுமே. மூளை கைவிட்ட நேரங்களில் என் வாய் தனிக்குடித்தனம் போய்விடும். அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கிசுகிசுப்பாக, தாளில் இருந்ததை முழுவதும் வாசித்து முடித்தேன்.

"சோலைக் கிழவன் கண்களை மூடினான். காடே கண்ணீர் விட்டது. நன்றி, மீண்டும் வருக."

கடைசித் தாளின் கீழ்ப்பகுதியை மட்டும் கத்தரிக்க மறந்திருந்தேன்.

காட்டுமாடு என்னை ஒரு முறை பார்த்தது. பிறகு, விடைகொடுத்ததை ஏற்றுக்கொண்டதுபோல், மெதுவாகத் திரும்பி மூடுபனிக்குள் போனது.

"பாத்துப் போங்க" என்றார் மாமி அதனிடம், மரியாதையாக. அவர் கன்னம் நனைந்திருந்தது. "அந்தக் கதைலயும் இம்புட்டுத்தான். அது ஒண்ணும் செய்யாது. புள்ளைய ஒருக்காப் பாக்கும். ஒதுங்கி வழி விட்டுட்டுப் போயிரும். அத வாசிக்கத்தான் என்னால முடியல."

அந்த நேரம் பார்த்துப் பெஞ்சுக்கு அடியில் 'சரக் சரக்'கென்று ஒரு சத்தம். என் கையிலிருந்து நழுவிய புத்தகத்தை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பழகிய இடத்திலிருந்து கேப்டன் தொடர்ந்துகொண்டிருந்தது.

மாமி கண்ணைத் துடைத்தார். நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, உங்க காட்டுமாடு எந்த லாட்ஜுல செத்துச்சு?"

கடை முழுக்கச் சிரித்தது. சாகிதா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மைதா, கருவாடு, தேயிலைத் தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. கல்யாணம் நின்றுபோனது என்றே நினைத்தேன்.

மாமி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "இப்ப என்ன பாத்தீங்களோ அத மட்டும் எழுதுங்க. ஒரு சொல்லு கூடக் கூடாது. அப்புறம் தேதி பேசலாம்."

எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. மாமி மறுபடியும் மைதா காய்ச்சி, இந்தத் தடவை நிறைய வேப்பிலைப் பொடி கலந்து, அதைப் புத்தகத்தின் கடைசியில் ஒட்டினார். அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் கிளம்பும்போது மாமாவே வாசலில் நின்று, "நன்றி, மீண்டும் வருக" என்று சொல்லி அனுப்பினார். இப்போது நான் எதையாவது கூட்டிச் சொன்னால் என் மகள் அதைத்தான் சொல்கிறாள். அவளுக்கு வயது நாலு.

ஒவ்வொரு மழைக்காலமும் கடையில் 'சோலைக் கிழவன்' வாசிப்பு இன்னும் நடக்கிறது. கடைசியில் அந்த அரைப் பக்கம் வரும். மாமி மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டு என்னிடம் தருவார். அடுத்த வரியில் எனக்கும் குரல் போய்விடும். பிறகு மாமா வாங்கி, ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி, நிறுத்தி நிதானமாக முடித்துவைப்பார். யாரும் தூங்குவதில்லை.