முந்நூறு கிலோவுக்கு மேல்

கற்பகத்துக்கு அரசு வேலை கிடைத்ததில் ஆரணியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் அவள் புருஷன் தனசேகரன்தான். வேலை ராமநாதபுரத்தில். எவ்வளவு தூரம் என்று செல்போனில் மூன்று முறை பார்த்து மனம் குளிர்ந்தார். அவள் போவாள், தான் இங்கேயே இருப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டியாகிவிட்டது. ஒண்ணாம் தேதியிலிருந்து கேரம் ஆட்டம் நம் வீட்டில்தான் என்று சேலைக்கடை ஹேமநாத்திடமும் சொல்லிவிட்டார்.

தனசேகரன் பட்டுச்சேலைத் தரகர். ஊரில் வாய் ஓயாமல் வியாபாரம் பேசுவார். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் பதினோரு வருஷமாக ஒரே பாட்டு, "மார்க்கெட் டல்." அந்த டல் மார்க்கெட்டில் வந்த தரகெல்லாம் பரண்மேல் ஒரு பழைய ஜரிகைப் பெட்டிக்குள் சௌக்கியமாக இருந்தது.

தான் மட்டும் தங்குவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அதை அவள் ஆபீசே அனுப்பி வைத்தது. புதிதாக வேலைக்குச் சேருபவர் வீடு மாற்றினால் எந்தச் செலவெல்லாம் திருப்பித் தருவார்கள் என்ற விதிமுறை. தனசேகரன் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி கையில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"பாத்தியா கற்பகம்? சாமானுக்கு முந்நூறு கிலோ வரைக்கும்தான் குடுப்பாங்களாம். மேல ஒரு கரண்டி ஏத்தினாலும் நம்ம கைக்காசு."

"அப்படீங்களா?"

"பீரோ, கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின். எடை முடிஞ்சுது. மீதி சாமானுக்குக் காவல் யாரு? நானே இங்க இருந்துக்கறேன். என்ன பண்றது, தியாகம்தான்."

தன்னை நினைத்து அவருக்கே கொஞ்சம் அழுகை வந்தது.

"உங்கள வுட்டுட்டு நான் எப்படிங்க இருப்பேன்? கடைசிப் பக்கம் பாக்கலியா? வருமானம் இல்லாத புருஷனுக்கும் ரயில் டிக்கெட் உண்டாம்."

"அது... வருமானமே இல்லாதவனுக்கு."

"மார்க்கெட் டல்லுன்னு நீங்கதான சொல்லிகினு இருக்கீங்க?" கற்பகம் ஒரு ஃபாரத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தாள். "வருமானம் இல்லன்னா இங்க கையெழுத்து. இருந்தா எவ்ளோன்னு இந்தக் கட்டத்துல எழுதுங்க. ஜல்தி, ஆபீசுக்கு அனுப்பணும்."

தனசேகரன் பேனாவைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். பரணைப் பார்க்காமல் இருக்கத்தான் பெரும்பாடு பட்டார். எழுதினால் பெட்டி போகும். கையெழுத்துப் போட்டால் கேரம் போகும். கேரத்தைத் தலைமுழுகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒண்ணாம் தேதி காலையில் வாசலில் இரண்டு லாரி நின்றது. துடைப்பத்திலிருந்து கேரம் போர்டு வரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது.

"அடியே, முந்நூறு கிலோ எப்பவோ தாண்டிடுச்சு! ரெண்டாவது லாரிக்கு யாரு காசு குடுப்பாங்க?"

"பரண்ல ஒரு ஜரிகைப் பெட்டி இருந்துதுங்க. அதுல இருந்து குடுத்துட்டேன்."

தனசேகரன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போவட்டும். என் டிக்கெட்டாவது சர்க்கார் காசுதான?"

"வருமானம் இருக்கற மனுசனுக்கு எப்படிங்க குடுப்பாங்க? அந்த ஃபாரத்தக் கிழிச்சிட்டேன்," என்றாள் கற்பகம். "உங்க டிக்கெட்டும் அந்தப் பெட்டிக் காசுலதான்."