எட்டுக் கோப்பையும் ஒரு நாக்கும்

புரூஃப் சார் ஒரே ஒரு வாய் குடித்தார். கோப்பையை மேஜையின் அந்தக் கோடி வரைக்கும் தள்ளி வைத்தார்.

“இது காலையில போட்ட டீ. சூடு பண்ணிக் கொண்டுவந்திருக்கே.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் மனைவி.

“என் நாக்கு சொல்லுது!”

அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவர் அவர். தெருவே அவரை ‘புரூஃப் சார்’ என்றுதான் கூப்பிடும். அங்கே கண் பார்க்கிற வேலையை வீட்டுக்கு வந்ததும் நாக்கு எடுத்துக்கொள்ளும். காலையில் இரண்டு டீ, மாலையில் இரண்டு டீ. நாலும் அப்போதுதான் போட்டதாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, தொண்டை வறண்டு வருகிற மனைவி, செருப்பைக் கழற்றின கையோடு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவருக்கு அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

ஒன்பதாவது படிக்கிற மகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். பள்ளியில் அறிவியல் சோதனை வடிவமைக்கும் போட்டி. அட்டையில் மாடல் செய்து கொண்டுபோனால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சொந்தமாக ஒரு கேள்வி வேண்டும், அதற்குப் பதில் கண்டுபிடிக்கிற வழியும் வேண்டும். ஒரு வாரமாகக் கேள்வி கிடைக்காமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மூன்று தடவை “எரிமலை பண்ணேன்” என்று சொல்லி உதவியிருந்தார்.

“நிஜமாவே உங்க நாக்குக்கு வித்தியாசம் தெரியுமாப்பா?”

“தெரியுமாவா? எட்டுக் கோப்பை வை. எது புதுசு, எது பழசுன்னு வரிசையாச் சொல்றேன். ஒண்ணு தப்பானாக்கூட என் பேரை மாத்திக்கறேன்.”

“பேரெல்லாம் இருக்கட்டும்,” என்றாள் மனைவி. “ஜெயிச்சா ஆயுசுக்கும் நாலு வேளையும் புது டீ. முகம் சுளிக்காம போட்டுத் தர்றேன். தோத்தா?”

“தோத்தா இந்த வீட்டுக்கே நான் டீ போடறேன். ஆயுசுக்கும்!”

“அம்மா, எனக்குக் கேள்வி கிடைச்சிடுச்சு!” என்று மகள் குதித்தாள். அம்மாவும் மகளும் நோட்டோடு அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள்.

சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. முந்தின நாள் மகள் விதிமுறைகளை விளக்கினாள்.

“மாறுறது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்பா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். ஒரே கோப்பை, ஒரே சூடு, ஒரே சர்க்கரை.”

“அப்ப நான் மாறணுமா?”

“இல்லப்பா. நீங்க மாறவே கூடாது.”

“பின்னே நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணக் கூடாது. உட்கார்ந்து குடிக்கணும்.”

“அதுக்குப் பயிற்சியே வேண்டாம்,” என்றாள் மனைவி.

புரூஃப் சாருக்குக் குழம்பிவிட்டது. சோதனை டீக்கா, தனக்கா? கேட்டால் தெரியாததைக் காட்டிக்கொண்டதாகும். “ஆமாமா, அதான் முறை,” என்று தலையாட்டி வைத்தார். சாயங்காலம் மாடி வீட்டு டெய்லர் வயிற்றைத் தடவிக்கொண்டு இவர் வீட்டிலிருந்து வெளியே வந்தது ஏன் என்றும் புரியவில்லை. டெய்லர் இவரைப் பார்த்து ஒரு ஏப்பம் விட்டுவிட்டுப் படியேறிப் போனார்.

சனிக்கிழமை விடிந்தது. ஒன்று தப்பானால் ஆயுசுக்கும் அடுப்படி. “கூப்பிடற வரைக்கும் உள்ளே வரக் கூடாதுப்பா!” என்று மகள் அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினாள். சாப்பாட்டு மேஜையில் அவள் நோட்டு திறந்தே கிடந்தது.

ஒரு எட்டு போய்ப் பார்த்தார். ஒன்று புதுசு, இரண்டு பழசு, மூன்று பழசு, நாலு புதுசு, ஐந்து பழசு, ஆறு புதுசு, ஏழு புதுசு, எட்டு பழசு. குண்டு குண்டான எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தது.

‘நான் எட்டிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது’ என்று மனசாட்சிக்குச் சொன்னார். மனசாட்சி தயங்கியது. ‘குழந்தை எழுதியதில் பிழை இருந்தால் போட்டியில் மானம் போகுமே’ என்றார். மனசாட்சி ஒப்புக்கொண்டது. பிழை பார்க்கிற சாக்கில் நாலு தடவை படித்து மனப்பாடம் செய்தார்.

கோப்பைகள் வந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் எண் எழுதிய சீட்டு. மகள் பேனாவோடு எதிரில் உட்கார்ந்தாள். மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள், பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிற அதே நிலையில்.

முதல் கோப்பை. ஒரு வாய் குடித்தார். நாக்கு பளிச்சென்று சொன்னது: பழசு.

பட்டியலில் ‘புதுசு’ என்றல்லவா இருந்தது? இன்னொரு வாய் குடித்தார். நாக்கு மறுபடியும் பழசு என்றது.

“என்னப்பா?”

“இரு, அவசரப்படுத்தாதே.” நெற்றியில் வேர்த்தது. அச்சகத்தில் சந்தேகம் வந்தால் ஒரே வழிதான். கையெழுத்துப் பிரதியில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட வேண்டும், சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது. “புதுசு!” என்றார்.

இரண்டு பழசு, மூன்று பழசு. நாக்கும் பட்டியலும் ஒத்துப்போனதில் உயிர் வந்தது. நாலாவதில் மறுபடி சண்டை. நாக்கு பழசு என்றது, பட்டியல் புதுசு என்றது. தண்ணீர் குடித்து, வாயைக் கொப்பளித்து, மறுபடி குடித்தார். ‘நாக்கு செத்துப்போச்சா? நாற்பத்தெட்டு வயசிலேயா?’ அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நல்ல டீயையா தள்ளிவிட்டோம் என்றுகூடத் தோன்றியது.

பயத்தை மறைக்க வர்ணனையில் இறங்கினார்.

“ஆறு புதுசு. வாசனையே சொல்லுது. இப்பத்தான் இறக்கினது, சரியா?”

“எழுதிக்கோ,” என்றாள் மனைவி.

“ஏழு அதைவிடப் புதுசு. எட்டு பழசு. சே, சே, ரெண்டு தடவை சுட வச்சிருக்கே. இதையெல்லாம் மனுஷன் குடிப்பானா?”

மகள் எழுதி முடித்துப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். “எட்டும் அப்படியே இருக்கும்மா!”

“பார்த்தியா!” புரூஃப் சார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “நாக்குன்னா இது நாக்கு! நாளையிலேர்ந்து நாலு வேளை!”

“ஆனா அப்பா, எல்லாமே ஒரே பாத்திரத்து டீ. காலையில அஞ்சரைக்குப் போட்டது. எட்டுமே பழசு.”

புரூஃப் சார் உட்கார்ந்தார். “அப்ப... பட்டியல்?”

“எந்தப் பட்டியல்?” என்றாள் மனைவி.

புரூஃப் சார் எட்டாவது கோப்பையை எடுத்து இன்னொரு வாய் குடித்தார்.

மகள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மேலே கேள்வி எழுதியிருந்தது: ‘முன்கூட்டியே விடை தெரிந்தால் ஒருவர் தன் நாக்கை நம்புவாரா?’ கீழே இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் டெய்லர் மாமா. பட்டியல் காட்டப்படவில்லை. பதில்: ‘எட்டும் ஒண்ணுதானேம்மா, எல்லாம் ஆறிப்போய்ச் சூடு பண்ணினது.’ இரண்டாவது கட்டத்தில் அப்பா. பட்டியல் மேஜையில் வைக்கப்பட்டது.

“என் நாக்கும் அதையேதான் சொல்லிச்சு!” புரூஃப் சாருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. “சத்தியமா! முதல் வாயிலேயே பழசுன்னு சொல்லிச்சு! எட்டையும் சரியாச் சொல்லிச்சு!”

“அப்புறம் ஏன்பா புதுசுன்னு சொன்னீங்க?”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொன்னால் பட்டியலைப் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

“நடுவர்ங்க கேப்பாங்கப்பா. கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பட்டியலைப் பார்த்தீங்களா, பார்க்கலையா?”

பேனாவை வாங்கிக்கொண்டார். பார்க்கவில்லை என்று எழுதினால், நாக்குக்கு ஒன்றும் தெரியாது என்றாகும், பந்தயம் போச்சு. பார்த்தேன் என்று எழுதினால், நாக்கு பிழைத்துக்கொள்ளும், திருட்டுத்தனம் வெளியே வரும், அப்போதும் பந்தயம் போச்சு. இந்தப் பக்கமிருந்து யோசித்தார். அந்தப் பக்கமிருந்து யோசித்தார். பேனா நோட்டுக்கு அரை அங்குலம் மேலேயே நின்றது.

மனைவி எட்டுக் கோப்பையையும் தட்டில் அடுக்கி எடுத்தாள். நாற்காலியில் அவருக்கு எதிரே, காலை நீட்டி, சாவகாசமாக உட்கார்ந்தாள்.

“எதை வேணா எழுதுங்க, அவசரமில்ல. டீத்தூள் மேல் தட்டுல, இடது பக்க டப்பா.”